குடகு மலையில் குடியும் உடைமையும்

"இந்த நிலம் யாருக்கு உரியது?" என்று நம் ஊரில் ஒருவரைக் கேட்டால் விடை உடனே வரும். பட்டா எவர் பெயரில் இருக்கிறதோ அவருக்கு உரியது. அவர் அதை உழலாம், அடகு வைக்கலாம், விற்கலாம், மகளுக்குச் சீராகவும் கொடுக்கலாம். அவர் மறைந்த பின் பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்வர். அண்ணன் தம்பிக்கு நடுவே புது வரப்பு ஒன்று எழும். இரண்டு தலைமுறைக்குள் நான்கு ஏக்கர் நிலம் நான்கு துண்டாகும். இதுவே உலக இயற்கை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

நண்பர்களே, இது இயற்கை அன்று. பல வழக்கங்களுள் ஒரு வழக்கமே. இதற்கு மாறான வழக்கத்தைக் காண நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. மைசூரில் பேருந்து ஏறினால் மூன்று மணி நேரத்தில் மடிக்கேரியை அடையலாம். நம் விடுதிக் குழாயில் வரும் காவிரி பிறக்கின்ற மலை அது. அங்கே நிலம் பல நூற்றாண்டுகளாக எந்தத் தனி மனிதனுக்கும் உரியதாக இருக்கவில்லை. ஒரு குடிக்கு, ஒரு பெயருக்கு உரியதாக இருந்தது. அந்த வழக்கம் எவ்வாறு நடந்தது, எவரைக் காத்தது, எவரைக் கைவிட்டது, இன்று என்ன ஆயிற்று என்பதை ஒருவாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் ஊரும்

குடகு சிறிய நாடு. பரப்பு ஏறத்தாழ 4,100 சதுர கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஐந்தரை இலட்சத்துக்குச் சற்று மேல். மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டில் அது அமர்ந்திருக்கிறது. தடியண்டமோள் என்னும் சிகரம் 1,748 மீட்டர் உயரம். மடிக்கேரியில் ஓர் ஆண்டில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும்.

அங்குள்ள ஊர் நம் ஊரைப் போன்றது அன்று. நமக்கு ஊர் என்றால் தெருக்கள்; தெருவின் இருபுறமும் தோளோடு தோள் உரசி நிற்கும் வீடுகள்; நடுவில் கோயில். குடகில் அந்தக் காட்சி இல்லை. ஒவ்வொரு குடியும் தன் பள்ளத்தாக்கில், தன் வயலுக்கு மேலே, தனித்தே வாழ்கிறது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் செல்ல வயலைத் தாண்டி ஒரு மேட்டை ஏறி இறங்க வேண்டும். முதன்முறை செல்பவன், "ஊர் எங்கே?" என்று ஊரின் நடுவில் நின்றுகொண்டே கேட்பான்.

சிதறிக் கிடந்தாலும் ஊருக்குக் கட்டுக்கோப்பு உண்டு. ஊரார் கூடி ஆடிப் பாடும் புல்வெளிக்கு 'மந்து' என்று பெயர். நம் மன்றத்தையும் மந்தையையும் நினைவூட்டும் சொல் அது. ஊர் வழக்குகளைத் தீர்க்கும் மூத்தவருக்குத் 'தக்க' என்று பெயர். ஊர்கள் பல சேர்ந்தது நாடு. ஊருக்கு ஊர் தெய்வத்துக்கு விட்ட காடு உண்டு, அது 'தேவரகாடு'. இத்தகைய காடுகள் குடகில் ஆயிரத்து இருநூறுக்கு மேல் உள்ளன. அவற்றில் கோடரி வைப்பது பெரும் பழி.

இனி, ஒரு குடியின் நிலம் எப்படி அமைந்திருந்தது என்று பார்ப்போம். பள்ளத்தில் நெல் வயல். வயலுக்குச் சற்று மேலே வீடும் தொழுவமும். வீட்டுக்கு மேலே சரிவில் மரமும் புல்லும் நிறைந்த காட்டு நிலம். அதற்குப் 'பாணெ' என்று பெயர். பாணெயிலிருந்து தழை வெட்டித் தொழுவத்தில் பரப்புவார்கள். மாடுகள் மிதித்துச் சாணத்தோடு கலந்த அத்தழை எருவாகும். எரு வயலுக்கு இறங்கும். மாடு மேய்வதும் பாணெயில். விறகும் வீட்டுக்கு வேண்டிய மரமும் கிடைப்பது பாணெயில். அந்தப் பெருமழை ஆண்டுதோறும் மண்ணின் சத்தை அரித்துச் சென்றும் வயல் விளைந்துகொண்டே இருந்ததற்குப் பாணெயின் தழையே காரணம். ஆகவே வயலும் பாணெயும் இரண்டு சொத்துகள் அல்ல; ஒரே சொத்தின் கீழ்ப்பாதியும் மேல்பாதியும். பாணெயை இழந்தவன் வயலையும் இழந்தவனே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வழக்குகளெல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஒக்க என்னும் குடி

இந்த நிலத்தின் உடைமையாளர் யார்? 'ஒக்க' என்பதே கொடவர் தரும் விடை. ஒரே மூதாதையின் ஆண்வழியில் வந்த அனைவரும் சேர்ந்தது ஒக்க. திருவள்ளுவர் இல்வாழ்வானின் கடமைகளைச் சொல்லும் இடத்தில் சுற்றத்தாரைக் குறிக்க 'ஒக்கல்' என்ற சொல்லை ஆள்கிறார். ஒலியிலும் பொருளிலும் இரண்டும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன, பாருங்கள்!

ஒவ்வோர் ஒக்கவுக்கும் ஒரு பெயர் உண்டு. ஒரு கொடவன் தன் பெயரைச் சொல்வதற்கு முன் ஒக்கவின் பெயரைச் சொல்கிறான். ஒக்கவின் மூல வீட்டுக்கு 'ஐன்மனெ' என்று பெயர். அதன் அருகே மூதாதையருக்கு எடுத்த சிறு கோயில், 'கைமட'. ஆண்டுக்கு ஒருமுறை மூதாதையருக்குப் படையல் இடுவார்கள். ஒக்கவின் மூத்த ஆண் 'கொரவுகார', அவனே தலைவன். நில ஏட்டில் அரசுக்குப் பொறுப்பானவனாகப் பதியப்பட்டவன் 'பட்டேதார'.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பட்டேதாரன் பெயர் ஏட்டில் இருந்தாலும் நிலம் அவனுடையது ஆகாது. அவன் காவலன், வரி கட்டுபவன். நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ அவனுக்கு உரிமை கிடையாது. உயிரோடிருப்பவர் அனைவரும் ஒன்றுகூடி இசைந்தாலும் பழைய வழக்கம் விற்பனையை ஏற்காது. ஏனென்றால் ஒக்கவில் இறந்தவர்களும் உறுப்பினர். இனிப் பிறக்கப் போகிறவர்களும் உறுப்பினர். அவர்களிடம் கையெழுத்து வாங்குவது எப்படி? ஒருவன் தன் உழைப்பால் தனியே தேடிய பொருள் வேறு; அது அவனுக்கு உரியது. முன்னோர் விட்ட நிலம் மட்டும் எவருக்கும் தனியுரிமை இல்லாதது.

கொடவரைப் பற்றி 1952-இல் ஆங்கிலத்தில் வெளியான புகழ்பெற்ற ஆராய்ச்சி நூல் ஒன்று உண்டு. அதை எழுதிய எம்.என். சீனிவாஸ் மைசூரில் பிறந்தவர். நம் மகாராஜா கல்லூரியில் படித்தவர். ஒக்கவை விட்டுத் தனியே ஒரு கொடவனை எண்ணிப் பார்ப்பதே அரிது என்பதை அந்நூல் பக்கம் பக்கமாக எடுத்துக் காட்டுகிறது. சமூகவியல் பயில்கிறவர் மட்டுமின்றி நாம் அனைவரும் படிக்கத் தக்க நூல் அது.

ஒக்கவில் ஆண் வாரிசு அற்றுப்போனால் என்ன செய்வது? நிலம் இருக்கும், பெயர் அழிந்துவிடும். அந்த அச்சத்துக்கு மருந்தாக இருவகைத் திருமணங்களைக் கொடவர் வகுத்திருந்தனர். 'ஒக்க பரிஜெ' என்னும் முறையில் மணமகன் தன் ஒக்கவை விட்டு மனைவியின் ஒக்கவில் சேர்ந்துவிடுவான். ஏறக்குறைய நம் 'வீட்டோடு மாப்பிள்ளை' போல. 'மக்க பரிஜெ' என்னும் முறையில் அவன் தன் பெயரை இழக்கமாட்டான். பிறக்கும் பிள்ளைகள் மட்டும் தாயின் ஒக்கவுக்கு உரியவராவர். நிலத்தைக் காக்கப் பெயர் வேண்டும். பெயரைக் காக்கப் பிள்ளை வேண்டும். திருமணச் சடங்கும் சொத்துரிமையும் எப்படி ஒரே கயிற்றின் இரு புரிகளாக இருந்தன என்பதற்கு இது நல்ல சான்று.

நான் ஒருமுறை, உடன் பயிலும் கொடவ நண்பர் ஒருவரின் அழைப்பில் 'புத்தரி'த் திருநாளுக்குச் சென்றிருந்தேன். புத்தரி என்பது புது அரிசி. நம் பொங்கலுக்கு இணையான அறுவடை விழா. நவம்பர், டிசம்பர் மாதங்களில் வரும். இரவில், குறித்த நேரத்தில், குடும்பத்தார் விளக்கோடு வயலுக்கு இறங்கினர். துப்பாக்கி வெடித்தது. முதல் கதிரை அறுக்கும்போது எல்லோரும் 'பொலி, பொலி' என்று முழங்கினர். எனக்கு மெய் சிலிர்த்தது. நம் களத்து மேட்டில் நெல்லை அளப்பவர் சொல்லும் அதே 'பொலி'! நகரங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஓய்வு பெற்ற படைவீரர்கள், கல்லூரி மாணவர்கள் எல்லாரும் அந்த ஒரே வயலுக்கு வந்திருந்தனர். வீட்டின் நடுக்கூடத்தில் தொங்கும் விளக்கின் முன் கதிரை வைத்து வணங்கினர். "இந்த வயலில் உங்கள் பங்கு எவ்வளவு?" என்று ஒரு பெரியவரை அறியாமல் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "பங்கு என்று ஒன்று இருந்தால் இத்தனை பேர் வருவார்களா, தம்பி?" என்று திருப்பிக் கேட்டார்.

ஜம்மா என்னும் உரிமை

வழக்கம் மட்டும் இருந்தால் போதாது; அதை அரசும் ஏற்க வேண்டும். குடகில் அந்த ஏற்புக்கு 'ஜம்மா' என்று பெயர். 'ஜன்மம்' என்ற சொல்லின் திரிபு அது. பிறப்பால் வரும் உரிமை என்பது பொருள். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1834 வரை குடகை ஆண்ட ஹாலேரி அரசர்கள், படைப்பணியும் காவற்பணியும் செய்யும் குடிகளுக்கு நிலத்தை ஜம்மாவாக வழங்கினர். அதற்கு வரி பாதிதான். முழு வரி கட்டும் மற்ற நிலத்துக்குச் 'சாகு' என்று பெயர். பாதி வரியை அரசர் விட்டுக்கொடுத்தார். மறுபாதியைக் குடி தன் உடலுழைப்பாலும் வேண்டுமானால் உயிராலும் கட்டியது. வயலோடு சேர்ந்த பாணெக்குத் தனி வரி இல்லை. ஜம்மா கொடவர்க்கு மட்டும் உரியதன்று. வேறு சில வகுப்பாரும் அதைப் பெற்றிருந்தனர்.

சலுகைக்கு நிபந்தனையும் உண்டு. அரசின் இசைவின்றி ஜம்மா நிலத்தை விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, துண்டாடக் கூடாது. நிலம் கைமாறினால் படைக்கு ஆள் குறையும் என்பது அரசரின் கணக்கு. குடியின் வழக்கமும் அரசரின் கணக்கும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. அதனால்தான் அது அவ்வளவு காலம் நிலைத்தது.

நம் நாட்டுக் காணியாட்சியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். காணி என்பதும் வழிவழி உரிமையே. தொண்டை நாட்டிலும் சோழ நாட்டிலும் பல ஊர்களில் காணியாளர் நிலத்தைப் பொதுவில் வைத்துக் குறித்த காலத்துக்கு ஒருமுறை 'கரையீடு' செய்து மாற்றி மாற்றி உழுதனர். ஆனால் அங்கே பங்கு என்பது கணக்கிடப்பட்டது, விற்கவும் பட்டது. குடகில் பங்கு என்ற கணக்கே எழவில்லை.

1834-இல் ஆங்கிலேயர் கடைசி அரசர் சிக்க வீரராஜேந்திரரை அகற்றிக் குடகைக் கைப்பற்றினர். எனினும் ஜம்மாவை அவர்கள் ஒழிக்கவில்லை. மலைக்குடிகளின் பகை வேண்டாம் என்பது அவர்தம் அரசியல். 1899-ஆம் ஆண்டின் குடகு நில வருவாய் ஒழுங்குமுறைச் சட்டத்திலும் ஜம்மா இடம் பெற்றது. படைக்கலச் சட்டத்திலிருந்து குடகு இனத்தாருக்கும் ஜம்மா உரிமையாளருக்கும் விலக்கு அளித்ததும் ஆங்கிலேயர் காலத்தில்தான். வியப்பு என்னவென்றால், அவ்விலக்கு இன்றும் இருக்கிறது. 2019-இல் நடுவண் அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அது செல்லும் என்று கூறியது. நில உரிமையின் வகையைக் காட்டித் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை பெறுவதை வேறெங்கே கேட்டிருக்கிறோம்? என்றோ மறைந்த அரசரின் படைப்பணி இன்றும் சட்டப் புத்தகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறது.

விளக்கின் ஒளி படாதவர்கள்

இதுவரை சொன்னதைக் கேட்டு, "ஆகா, பொதுவுடைமை மலையில் முன்பே மலர்ந்துவிட்டதே!" என்று எவரேனும் மகிழக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டும். ஒக்கவுக்குள் அனைவரும் உறவினர், உண்மைதான். ஒக்கவுக்கு வெளியே நின்று அந்த வயலில் சேற்றை மிதித்தவர் யார்?

பெண்ணை முதலில் எண்ணுவோம். பிறந்த ஒக்கவில் அவள் வளர்கிறாள். மணமானதும் கணவனின் ஒக்கவுக்குப் போகிறாள். அந்த மாற்றத்தைக் காட்டத் திருமணத்தில் ஒரு சடங்கே உண்டு. இரு குடியின் சார்பிலும் பேசுவதற்கென்று வழிவழியாக அமைந்த 'அருவ'ர்கள் எதிரெதிரே நின்று உரிமைகளை வாய்மொழியாகச் சொல்லி ஒப்படைப்பார்கள். அடையாளமாகக் கூழாங்கற்கள் கைமாறும். எழுத்தில்லாத பத்திரப் பதிவு அது. அழகான சடங்குதான். ஆனால் அதன் பொருள், பிறந்த வீட்டு நிலத்தில் அவளுக்கு இனி உரிமை இல்லை என்பதே. 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை உண்டு என்றாயிற்று. அந்தச் சட்டத்தின் முன் பழைய வழக்கம் விடை சொல்லத் திணறுகிறது.

அடுத்து உழைத்தவரை எண்ணுவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடகில் அடிமைகள் இருந்தனர். அவர்களை இரு வகையாகப் பிரித்திருந்தனர். 'பூமி ஜம்ம' ஆட்கள் நிலத்தோடு பிணைக்கப்பட்டவர்கள். நிலத்தை விட்டு அவர்களைப் பிரிக்கக் கூடாது. 'ஒக்கலு ஜம்ம' ஆட்கள் குடிக்கு உரியவர்கள். அவர்களை விற்கலாம், அடகு வைக்கலாம். ஜம்மா என்ற அதே சொல்! ஒருவனுக்குப் பிறப்புரிமையாக வந்தது மற்றொருவனுக்குப் பிறப்புத் தளையாக வந்தது. நிலத்தை விற்கக் கூடாது என்று கட்டளையிட்ட வழக்கம் மனிதனை விற்கலாம் என்று இசைந்தது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் இந்தியாவில் அடிமை முறையின் சட்ட வலிமையைப் பறித்தது. ஆனால் விடுதலை பெற்றவனுக்கு நிலத்தை அது கொடுக்கவில்லை.

எரவர், பணியர், ஜேனு குறுபர் முதலிய பழங்குடி மக்கள் இன்றும் குடகின் தோட்டங்களில் உழைக்கிறார்கள். பலருக்குக் குடியிருக்கும் 'லயன்' வீடும் தோட்ட முதலாளியுடையது. வேலை போனால் வீடும் போகும். 2016 டிசம்பரில் தித்தள்ளி என்னும் இடத்தில், காட்டு நிலத்தில் குடிசை போட்டிருந்த நூற்றுக்கணக்கான பழங்குடிக் குடும்பங்களின் குடிசைகள் இடித்து அகற்றப்பட்டன. அவர்கள் அவ்விடத்திலேயே இருந்து நெடுநாள் போராடினர். "எங்கள் முன்னோர் இம்மலையில் கொடவருக்கும் முன்பே வாழ்ந்தவர், எங்கள் பெயர் மட்டும் ஏன் எந்த ஏட்டிலும் இல்லை?" என்பதே அப்போராட்டத்தின் உட்பொருள்.

காப்பி வந்தது

1854-இல் மடிக்கேரிக்கு அருகே ஐரோப்பியர் ஒருவர் காப்பித் தோட்டம் தொடங்கினார். சில ஆண்டுகளில் பலர் பின்தொடர்ந்தனர். நெல்லை நம்பி வாழ்ந்த மலையில் காப்பி செய்த மாற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம்: அது சொத்தைத் தலைகீழாக்கியது.

அதுவரை மதிப்பு பள்ளத்தில் இருந்தது, வயலே செல்வம். பாணெ அதற்கு எரு தரும் துணை. காப்பியோ சரிவில், மர நிழலில் வளர்வது. ஆகவே பாணெயே பொன்னாயிற்று. குடிகள் தத்தம் பாணெயில் காப்பி நட்டனர். இப்போது ஒரு கேள்வி எழுந்தது. தழைக்கும் மேய்ச்சலுக்கும் வரியின்றி விட்ட நிலத்தில் பணப்பயிர் விளைத்தால் அந்நிலம் யாருடையது? குடியினுடையதா, அரசினுடையதா? அதிலுள்ள விலையுயர்ந்த மரங்கள் யாருடையவை? மர விலையை அரசுக்குக் கட்டி மீட்ட நிலம், மீட்காத நிலம் என்று ஏடுகளில் புதிய பிரிவுகள் தோன்றின. வழக்குகள் பெருகின.

நெல் பொதுவில் விளைந்து பொதுவில் உண்ணப்பட்டது. காப்பி பணமாயிற்று. பணத்தைப் பொதுவில் வைப்பது எளிதன்று. இந்தச் சரிவில் செடி நட்டவன் நான். பலன் மட்டும் எல்லாருக்குமா என்று தம்பி கேட்டான். ஏட்டில் பிரிக்காமலே நிலத்தைக் கையளவில் பிரித்துக்கொண்டனர். இன்னின்ன சரிவு இன்னின்னார் அனுபவிப்பது என்று வாய்ப்பேச்சில் ஏற்பாடு. ஐன்மனெயை விட்டு ஒவ்வொருவரும் தம் தோட்டத்தில் தனி வீடு கட்டினர். இன்று இந்தியக் காப்பியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குடகிலிருந்து வருகிறது. அதைப் பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆட்கள் சென்றனர். அண்மைக் காலத்தில் அசாமிலிருந்தும் வருகின்றனர். நெல் வயல்கள் பல தரிசாகிக் கிடக்கின்றன.

கடல் கடந்த ஓர் உறவு

இத்தகைய உடைமை முறை குடகுக்கு மட்டும் உரியதன்று. இந்தோனேசியாவில் சுமத்திரா தீவின் மேற்கு மலைநாட்டில் மினாங்கபாவு என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களும் மலைச்சரிவில் நெல் விளைப்பவர். அவர்களுடைய ஊருக்கு 'நகரி' என்று பெயர். நமக்கு அறிமுகமான சொல்லே. அவர்களிடம் 'புசாக்கா' என்னும் முன்னோர் சொத்து உண்டு. அது குலத்துக்கு உரியது, எவரும் விற்கக் கூடாதது. தானே தேடிய பொருள் வேறு வகை; அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். இதுவரை குடகேதான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு: அங்கே சொத்து தாய்வழியாக இறங்குகிறது. நிலமும் குலத்தின் பெரிய வீடும் தாயிடமிருந்து மகளுக்கு வருகின்றன, தாய்மாமன் மேற்பார்க்கிறான், இளைஞர்கள் பொருள் தேடி வெளியூர் போகிறார்கள். அவர்கள் உறுதியான இசுலாமியர். எனினும் இந்தத் தாய்வழி மரபை விடவில்லை.

புசாக்கா நிலத்தை விற்கத்தான் கூடாதே தவிர, நான்கு இடுக்கண்களில் ஒற்றி வைக்கலாம் என்று அவர்கள் வழக்கம் இசைகிறது. வீட்டில் பிணம் கிடக்கிறது, அடக்கம் செய்யப் பணமில்லை. பெண் வளர்ந்துவிட்டாள், மணம் முடிக்க வழியில்லை. குலத்தின் பெரிய வீடு ஒழுகுகிறது. குலத்தலைவனின் பட்டத்தை ஏற்ற வேண்டும். இந்த நான்கு தவிர ஐந்தாவது காரணம் கிடையாது. வாணிகத்தில் முதலிட என்றோ, வண்டி வாங்க என்றோ ஒற்றி வைக்க முடியாது. எதற்காக நிலத்தைத் தொடலாம் என்று எண்ணி வகுத்த சமுதாயம் அது!

அங்கும் காலம் மாறியது. 1960-இல் இந்தோனேசியா இயற்றிய அடிப்படை நிலச் சட்டம் பழைய வழக்கத்தை ஏற்பதாகச் சொன்னது. கூடவே நிலத்தைப் பதிவு செய்து சான்றிதழ் வழங்கும் முறையையும் வகுத்தது. குலத்தின் நிலத்துக்கு எவர் பெயரில் சான்றிதழ் எழுதுவது? குடகின் பட்டேதாரன் சிக்கல் அங்கும் தலைதூக்கியது.

நம் தமிழகத்திலும் இதன் சாயலைக் கண்டிருக்கிறோம். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி உரிமை இருந்தது. பொதுச் சொத்தைக் காரணவன் என்னும் தலைவன் ஆண்டான்; அவன் மனைவி மக்கள் நடுத்தெருவில் நின்றனர். அந்த அவலத்தைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்ற நூலில் நகைச்சுவையோடு சாடினார். 1926-இல் திருவிதாங்கூர் அரசு சட்டம் செய்து அதை மாற்றியது. ஆகவே பொதுச் சொத்து என்றால் அன்பு, தனிச் சொத்து என்றால் பேராசை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பொதுச் சொத்தின் சாவி எவர் கையில் என்பதைப் பொறுத்தது எல்லாம்.

இன்றைய சிக்கல்

1956 நவம்பர் முதல் நாள் குடகு மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. நிலம் பற்றிய எல்லாச் சட்டங்களும் தனி மனிதனைக் கருத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஜம்மாவோ குடியைக் கருத்தில் வைத்தது. ஆகவே உரசல் ஏற்பட்டது. 'பகணி' எனப்படும் நில ஏட்டில் எப்போதோ இறந்த பட்டேதாரனின் பெயர் இருக்கும். அதன் கீழே பத்து இருபது பெயர்கள் இருக்கும். தன் கைவசம் உள்ள இரண்டு ஏக்கரைக் காட்டி வங்கியில் கடன் கேட்பவனிடம், "உன் பெயர் தனியே எங்கே?" என்பார்கள். ஜம்மா பாணெ பற்றிய வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை சென்றன. 2011-இல் கர்நாடக நில வருவாய்ச் சட்டம் திருத்தப்பட்டு, ஜம்மா பாணெ வைத்திருப்போரும் சட்டப்படி நிலத்துக்கு உரியவராக ஏற்கப்பட்டனர். ஆயினும் கூட்டு ஏட்டைப் பிரித்துத் தனித்தனிப் பெயரில் எழுதும் வேலை எளிதில் முடிவதாக இல்லை.

2018 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் மடிக்கேரியைச் சுற்றியுள்ள ஊர்களில் மலைச்சரிவுகள் சரிந்தன. வீடுகளும் தோட்டங்களும் மண்ணோடு போயின. அத்தகைய வேளையில்தான் ஏட்டின் அருமை தெரிகிறது. நிலம் போனவன் இழப்பீடு கேட்கும்போது நிலம் தன்னுடையது என்று காட்ட வேண்டுமே! தன் பெயர் ஏட்டில் இல்லாதவன் எதைக் காட்டுவான்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஏட்டைப் பிரித்து ஒவ்வொருவர் பெயரிலும் எழுதிவிட்டால் கடன் கிடைக்கும், வழக்கு குறையும், பெண்ணுக்கும் பங்கு கிடைக்கலாம். ஆனால் அன்றே விற்பனைக்கும் கதவு திறந்துவிடும். நகரத்துப் பணம் காத்திருக்கிறது. காப்பித் தோட்டங்கள் உல்லாச விடுதிகளாகவும் மனைகளாகவும் மாறுகின்றன. சரிவை வெட்டிச் சமதளமாக்கினால் மழை பொறுத்துக்கொள்ளுமா? ஏட்டைப் பிரிக்காவிட்டால் குடி மக்கள் நெருக்கப்படுகிறார்கள். பிரித்தால் மலை நெருக்கப்படுகிறது. இதுதான் இன்று குடகின் ஒவ்வொரு குடும்பமும் தன் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கும் பேச்சு. இதற்கு வெளியூரான் ஒருவன் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

எனினும் ஒன்று சொல்லலாம். நிலம் துண்டானாலும் பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1997 முதல் கொடவக் குடிகள் ஆண்டுதோறும் ஒரு ஹாக்கித் திருவிழா நடத்துகின்றன. அதில் ஊர் அணியோ கல்லூரி அணியோ ஆடுவதில்லை. ஒவ்வோர் அணியும் ஓர் ஒக்க. 2024-இல் 360 அணிகள் ஆடின. வயலில் சேர்ந்து நிற்க முடியாதவர்கள் ஆடுகளத்திலாவது சேர்ந்து நிற்கிறார்கள். இதைக் கண்டு மகிழலாம். ஆனால் அந்தக் களத்தின் ஓரத்தில், எந்த அணிப் பெயரும் இல்லாமல், வேலை முடிந்து லயன் வீட்டுக்குத் திரும்பும் எரவனையும் பணியனையும் மறந்துவிடக் கூடாது. மலையின் வருங்கால ஏட்டில் அவர்கள் பெயரும் எழுதப்பட்டால்தான் கணக்கு நேராகும்.

தமிழ் மாணவர்களாகிய நமக்கு இதில் என்ன பாடம்? நம்முள் பலர் பொறியியலும் மருத்துவமும் கணக்கியலும் பயில வந்தவர்கள். நாளை அரசு அலுவலகத்தில் அமரப்போகிறவரும் உண்டு. வீட்டு நிலத்தைப் பங்கு பிரிக்கப்போகிறவரும் உண்டு. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கும் பழைய பத்திரங்களை எடுத்துப் படித்துப் பாருங்கள். அந்த நிலம் எவரிடமிருந்து எவருக்கு வந்தது, உங்கள் பாட்டிக்கும் அத்தைக்கும் அதில் ஏன் பெயர் இல்லை, அதை வழிவழியாக உழுதவர் எவர், அவர் மக்கள் இன்று எங்கே என்று பெரியவர்களைக் கேளுங்கள். பத்திரத்தில் இல்லாத விடைகளை அவர்கள் சொல்வார்கள். அவற்றை எழுதி வைத்துக்கொண்டு இம்மன்றத்துக்கு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.